எந்த பெல்ட்?

அந்த விளக்கு மட்டும் ஒரு மனுஷனாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். இன்ஜின் கிளம்பியதும் ஒவ்வொன்றாக அணையும். இது மட்டும் அணையாது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், அவன் முகத்துக்கு முன்னால் ஒரு பந்து, எல்லாம் சிவப்பில். ஏர்பேக் விளக்கு. இரண்டு வாரமாக என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். சொந்தக் கடை. இந்த அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் தெரு முழுக்கத் தெரியும். வேலை சுத்தமாக இருக்கும் என்பதும் தெரியும், அதனால் திட்டு வாங்கிக்கொண்டே வருவார்கள். ஆனால் இந்தத் தடவை வண்டி ஊரார் வண்டி இல்லை. என் தங்கச்சியின் வண்டி.

அவள் டிரைவிங் டீச்சர். பல வருஷமாக ஒரு முதலாளியின் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முன்னாலேயே அந்த ஆள் அவளை ஏய் என்பார், முட்டாள் என்பார். அவள் வாயைத் திறக்க மாட்டாள், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பாள். நானாக இருந்தால் முதல் நாளே வண்டிச் சாவியை அவர் மேசையில் எறிந்திருப்பேன். அவள் அப்படி இல்லை. வாயை மூடிக்கொண்டு, சேர்த்து வைத்து, ஒரு பழைய காரை வாங்கினாள். சொந்த ஸ்கூல் ஆரம்பிக்கப் போகிறேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் புரையேறிவிட்டது.

வண்டி வந்ததும் ஆளாளுக்கு ஒரு வேலை. டீச்சர் உட்காருகிற பக்கத்து சீட்டுக்கு முன்னால் இரண்டாவது பிரேக்கும் கிளட்சும் வைக்க ஒரு பெடல்காரர் வந்தார். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, கார் சீட்டுகளுக்குக் கவர் தைக்கிறவர். மருமகளுக்கு என் அன்பளிப்பு என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் மெரூன் நிறத்தில் கவர் தைத்துப் போட்டுக் கொண்டுவந்தார். பார்க்க அமர்க்களமாக இருந்தது. அதற்கப்புறம்தான் இந்தப் பாழாய்ப்போன விளக்கு எரிய ஆரம்பித்தது. ஸ்கூல் வண்டிக்கு அனுமதி வாங்க முதல் சோதனைக்குப் போனாள். விளக்கு எரிகிறது, கற்றுக்கொடுக்கிற வண்டிக்கு இது கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அதுவும் போனால் விண்ணப்பம் ரத்து. இனி அடுத்த வருஷம்தான். அதுவரை அந்த முதலாளியிடம் திரும்பிப் போய் நிற்க வேண்டும்.

அந்தக் கடைசி வாய்ப்பு இன்றைக்கு. சாயங்காலம் சோதனை மைதானத்தின் கேட்டை மூடுவதற்குள் வண்டி உள்ளே போயாக வேண்டும்.

நான் சும்மா இருந்தேனா? ஸ்கேனரை மாட்டினேன். "டிரைவர் பக்கம், இரண்டாவது சுற்று, மின்தடை அதிகம்" என்றது. ஸ்டீயரிங்கில் இருக்கும் ஏர்பேக் இரண்டு கட்டமாக விரியும். அந்த இரண்டாவது கட்டம்தான் என்று முடிவு கட்டினேன். ஸ்டீயரிங்கைக் கழற்றி உள்ளே இருக்கும் சுருள் ஒயரைப் புதிதாகப் போட்டேன். அணையவில்லை. ஏர்பேக்கையே கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பேனா மூடி அளவுள்ள ஒரு ரெசிஸ்டரைச் செருகினேன். பை நல்லபடியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கிற சாமான் அது. பை கெட்டிருந்தால் விளக்கு அணைய வேண்டும். அதற்கும் அணையவில்லை. பையைத் திரும்ப மாட்டினேன். அப்புறம் பெடல்காரர் மேல் பாய்ந்தேன். தரையில் துளை போடும்போது ஒயரைக் கிழித்துவிட்டார் என்று தினமும் போன் போட்டு ஒரு பாட்டு. பாவம், அவர் கடைசியில் என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இன்றைக்கு மத்தியானம் கடையில் நாங்கள் மூன்று பேர். நான் காருக்குள் தரைவிரிப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி வெளியே நின்று ஏற்கெனவே பளபளக்கிற கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா பழைய டயர் மேல் உட்கார்ந்து எங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பல்பைப் பிடுங்கிடேம்மா. எரியறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"சாவி போட்டதும் அது ஒரு தடவை எரிஞ்சு அணையணும் மாமா. எரியவே இல்லைன்னாலும் ஃபெயில்தான்," என்றேன்.

"அடேங்கப்பா, விவரமான ஆளுங்கதான்."

"மாமா, கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்!"

"நான் எங்க பேசினேன்? யோசனை சொன்னேன்."

தங்கச்சி துணியைப் பிழிந்தாள். "அக்கா, கிடைக்கலைன்னா விட்டுடு. நான் பழைய இடத்துக்கே போயிக்கிறேன்."

 அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, குடை எடுத்துக்கோ என்கிற குரலில் சொன்னாள்.

"வாயைக் கழுவுடி," என்று கத்தினேன். "நான் உயிரோட இருக்கறப்ப நீ அந்தாள்கிட்ட போவியா?"

எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஏர்பேக் ஒயரைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பானெட்டைத் திறந்து குனிந்து அதைக் கழற்றினேன். பேட்டரிக்குப் பக்கத்தில், இன்ஜினைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பெல்ட் கண்ணில் பட்டது. நிலம் காய்ந்து வெடித்த மாதிரி முழுக்க வெடிப்பு.

எனக்குச் சுருக்கென்றது. வண்டியில் என்னென்ன மாற்றினீர்கள் என்று மாமாவிடம் நான் மூன்று தடவையாவது கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் ஒரே பதில்: சீட் கவர் போட்டேன், கால்மிதி போட்டேன், அப்படியே பெல்ட்டையும் மாத்திட்டேன். பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றியிருப்பார், பரவாயில்லையே என்று நான் பாராட்டக்கூடச் செய்தேன்.

"மாமா! இங்க வாங்க!"

"என்னம்மா?"

"பெல்ட் மாத்தினேன்னு சொன்னீங்களே, எவன்கிட்ட குடுத்தீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இல்லையாவா? வெடிச்சுக் கிடக்கு! பழசையே துடைச்சு மாட்டிட்டு உங்க தலைல நல்லா மிளகாய் அரைச்சிருக்கான். யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் போய் நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. டயரை விட்டு எழுந்து வந்தார். "எவன்கிட்டயும் குடுக்கல. நான்தான் மாத்தினேன். இந்தக் கையால."

"நீங்களா? நீங்க இன்ஜின்ல கை வெச்சீங்களா?"

"இன்ஜின்ல எதுக்கும்மா கை வெக்கணும்? கதவைத் திறந்தா போதுமே!"

 தங்கச்சி கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"எந்த பெல்ட் மாமா?" என்றேன்.

"இது என்ன கேள்வி? கார்ல எத்தனை பெல்ட் இருக்கு?" என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவோரத் தூணிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த சீட் பெல்ட்டை இழுத்துக் காட்டினார். மெரூன் நிறம். "சீட்டு மெரூன், கதவு மெரூன், இது மட்டும் கன்னங்கரேல்னு தொங்கிச்சு. எனக்குக் கண்ணை உறுத்துச்சு. உடைசல் வண்டி விக்கிற இடத்துல இதே மாடல் ஒண்ணு நின்னுச்சு. அதுல அச்சு அசலா இதே கலர்ல பெல்ட்! விடுவேனா? மேட்சிங்!"

நான் இரண்டு வாரமாக அந்தப் பெல்ட்டைத் தோளால் தள்ளித் தள்ளித்தான் உள்ளே நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். என் தொழிலில் பெல்ட் என்றால் இன்ஜின் பெல்ட். மாமா தொழிலில் பெல்ட் என்றால் சீட்டில் இருப்பது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி, ஆளுக்கொரு பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"மாமா, அந்த உடைசல் வண்டிக்கு முன்பக்கம் எப்படி இருந்துச்சு?"

"முன்பக்கமா? முன்பக்கமே இல்லம்மா."

"பக்கத்து சீட்டுக்கும் ஏன் மாத்தல?"

"அந்தப் பக்கம் கதவே திறக்கல."

எனக்குச் சிரிப்பதா அவரைக் கடிப்பதா என்று தெரியவில்லை. பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். வந்தது, விட்டால் திரும்பி உள்ளே போக முக்கியது. "புதுசுல்ல, பழகப் பழக லூசாயிடும்னு நினைச்சேன்," என்றார் மாமா, புதுச் செருப்பைச் சொல்கிற மாதிரி.

ஒரே இழுப்பில் தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். கீழே பெல்ட் சுருள், அதன் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு குழாய், அதில் மஞ்சள் கனெக்டர். ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஒயருக்கெல்லாம் மஞ்சள்தான் அடையாளம்.   ஸ்கேனர் சொன்ன இரண்டாவது சுற்று ஸ்டீயரிங்கில் இல்லவே இல்லை. இதோ, இங்கே உட்கார்ந்திருக்கிறது!

"ரெண்டு பேரும் கேளுங்க," என்றேன். "வண்டி மோதினா, இந்தக் குழாய்க்குள்ள ஒரு சின்ன மருந்து வெடிக்கும். வெடிச்சு, பெல்ட்டை இழுத்து ஆளை சீட்டோட அமுக்கிப் பிடிக்கும். ஒரே ஒரு தடவைதான். இது அந்த உடைசல் வண்டி மோதினப்பவே வெடிச்சு முடிஞ்ச பெல்ட். இப்ப இது வெறும் நாடா."

சொல்லிக்கொண்டே அந்த ரெசிஸ்டரை மஞ்சள் கனெக்டரில் செருகினேன். பேட்டரியை மாட்டினேன், ஸ்கேனரில் பழைய பிழையை அழித்தேன், சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. மூன்று தலைகளும் டேஷ்போர்டுக்கு மேல் முட்டிக்கொண்டன. விளக்கு அணைந்தது.

"அணைஞ்சுடுச்சு!" மாமா குதித்த குதியில் தலை காரின் கூரையில் இடித்தது. "கிளம்புங்க, கிளம்புங்க! கேட்டை மூடிடுவாங்க!"

நானும் குதித்தேன். என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். அவள் மட்டும் சுற்றாமல் நின்றாள்.

"அக்கா, இப்ப அணைஞ்சிருக்கறது நிஜமா, பொய்யா?"

"பொய்தான். ரெசிஸ்டர் இருக்கறதால அணைஞ்சிருக்கு," என்றேன். "ஆனா அவங்களுக்குத் தெரியாது. இன்னைக்கு இதை வெச்சுப் பாஸாயிடு. நாளைக்கு எங்கயாவது நல்ல பெல்ட்டாத் தேடிப் போட்டுடறேன். என் மேல சத்தியமா போட்டுடறேன்."

மனசார ஆசைப்பட்டுத்தான் சொன்னேன். அவள் மறுபடி அந்த ஆள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை நினைத்தால் எனக்கு எந்தப் பொய்யும் பெரிதாகப் படவில்லை.

அவள் டிரைவர் சீட்டைப் பார்த்தாள். "பிரேக் எங்க இருக்குன்னே தெரியாதவங்கதான் அதுல உக்காரப் போறாங்க. என்னை நம்பி உக்காருவாங்க."

"ஒரு நாள்டி!"

"எடுத்துரு அக்கா."

குரலை உயர்த்தவே இல்லை. இந்த மாதிரி அவள் சொல்லிவிட்டால் எங்கள் அப்பாவே எதிர்த்துப் பேச மாட்டார். நான் ரெசிஸ்டரைப் பிடுங்கினேன். விளக்கு உடனே பல்லைக் காட்டியது.

"பழைய கறுப்பு பெல்ட் எங்க மாமா?" என்றேன். அதுதான் இந்த வண்டியோடு வந்தது, வெடிக்காதது.

மாமா தலையைச் சொறிந்தார். "கடைலதான் இருக்கணும். வெட்டி கைப்பிடி தைக்கலாம்னு நினைச்சேன். வெட்டினேனா, வெட்டலையா..."

"மாமா!"

"திட்டிக்கிட்டே ஓடலாம், வா!"

மாமா கடை இரண்டு தெரு தள்ளி. நான் முன்னால், தங்கச்சி பின்னால், மாமா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்கும் பின்னால். சைக்கிளில் போன ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கியே நின்றுவிட்டார். ஓடும்போதே எனக்கு ஒரே வேண்டுதல்: மாமாவுக்கு இந்த ஒரு விஷயத்திலாவது சோம்பேறித்தனம் இருந்திருக்க வேண்டும்.

கடைக்குள் அத்தை தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, சுவரில் இரண்டு ஆணி அடித்து, கறுப்பு பெல்ட்டைச் சுருளோடும் குழாயோடும் மாட்டியிருந்தார்கள். பெல்ட்டின் வளையத்தில் ரெக்ஸின் சுருள்கள் வரிசையாகத் தொங்கின. வெட்டவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நொடி, அத்தை மெஷினை விட்டு எழுந்து, ஒரு ரெக்ஸினை உருவ அந்தப் பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

"அத்தை, தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"அதுல மருந்து இருக்கு!"

"மருந்தா? என்ன மருந்து? காலாவதி ஆயிடுச்சா?"

"வெடிக்கிற மருந்து அத்தை!"

அத்தை பெல்ட்டைப் பார்த்தார், தன் நாற்காலியைப் பார்த்தார், கடைசியாக மூச்சிரைக்க உள்ளே வந்த மாமாவைப் பார்த்தார். "இழுத்தா வருது, விட்டா உள்ள போயிடுது, சூப்பர் ஐடியான்னு சொல்லி என் தலைக்கு மேல வெடியையா மாட்டி வெச்சீங்க?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார் மாமா. "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே."

"வாங்க, வீட்டுக்கு வாங்க," என்றார் அத்தை. அதை அவர் சொன்ன தினுசு எங்களுக்கே நடுக்கம் கொடுத்தது.

இழுத்தால் அது வெடிக்காது, மின்சாரம் பாய்ந்தால்தான் வெடிக்கும் என்று அத்தையைச் சமாதானப்படுத்திவிட்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதை இறக்கினேன். நாடாவை ஒரு சாண் விடாமல் தடவிப் பார்த்தேன், கிழிசல் இல்லை. திரும்பி ஓடினோம். இந்தத் தடவை அத்தையும் ஓடிவந்தார், மாமாவை விட வேகமாக.

பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்த அந்தச் சில நிமிஷம் இருக்கிறதே, அப்பப்பா. மின்சாரம் முழுசாக வடிந்த பிறகுதான் மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டும். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் எல்லாரையும் திட்டினேன், வெடிப்பு விட்ட இன்ஜின் பெல்ட்டை நாளைக்கே மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அப்புறம் போல்ட்டை முறுக்கினேன், கனெக்டரை க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன், மூடியைத் தட்டி மாட்டினேன். மாமா மெல்ல, "மேட்சிங் போச்சே," என்றார். அத்தை திரும்பிப் பார்த்தார். மாமா நகர்ந்து டயர் மேல் போய் உட்கார்ந்தார்.

பேட்டரி. ஸ்கேனர். சாவி.

எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. என் தங்கச்சி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அணை, அணைந்து தொலை, என் கண்ணே, அணைடா என்று நான் வாய்விட்டே கெஞ்சினேன். அணைந்தது. நிஜமாக அணைந்தது!

யார் யாரைக் கட்டிக்கொண்டோம் என்று நினைவில்லை. கிரீஸ் கையோடு அத்தையின் புடவையைப் பிடித்துவிட்டேன், அவர் அதற்கும் சிரித்தார்.

தங்கச்சி ஓட்டினாள். நாங்கள் மூன்று பேரும் பின் சீட்டில் நசுங்கிக்கொண்டு போனோம். கேட்டை மூடச் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டிருந்த காவலாளியிடம் நான் ஜன்னல் வழியாக, "அண்ணே, அண்ணே, அண்ணே!" என்று கத்த, அவர் காதைப் பொத்திக்கொண்டே உள்ளே விட்டார்.

சோதனை அதிகாரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். தங்கச்சி பக்கத்து சீட்டில். சாவியைத் திருப்பிவிட்டு அவர் டேஷ்போர்டையே பார்ப்பது எங்களுக்கு வெளியிலிருந்து தெரிந்தது. பிறகு வண்டி மைதானத்தைச் சுற்றியது. ஒரு திருப்பத்தில், அவர் கேட்டுக்கொண்டபடி, தங்கச்சி தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கறுப்பு பெல்ட் அதிகாரியை சீட்டோடு பிடித்து நிறுத்தியது. அவர் இறங்கி வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, "நல்லாப் பிடிக்குது," என்றார். முன் கண்ணாடியின் மூலையில் வட்டமான ஸ்டிக்கரை ஒட்டி, சுற்றிலும் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். "பாஸ். ஸ்கூல் ஆரம்பிக்கலாம்மா."

நான் போட்ட விசிலுக்கு மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பெடல்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. "தப்பு உங்க மேல இல்ல, என்னை மன்னிச்சிடுங்க" என்று கத்தியே ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அதைக் கேட்டு அவர் இன்னும் பயந்திருப்பார்.

வீட்டுக்குக் கிளம்ப எல்லாரும் ஏறினோம். நானும் மாமாவும் அத்தையும் பழையபடி பின் சீட்டில். கதவைச் சாத்தினோம். பெல்ட்டைப் போட்டோம். வண்டி நகரவில்லை. எட்டிப் பார்த்தால் டிரைவர் சீட் காலி. தங்கச்சி சுற்றி வந்து பக்கத்து சீட்டில், இரண்டாவது பெடல்களுக்கு மேல் காலை வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், யாருடி ஓட்டறது?" என்றேன்.

"யார் வேணா ஓட்டுங்க," என்றாள். "நான் டீச்சர்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இத்தனை வருஷம் சாப்பிடாமல் படுத்த ராத்திரியில்கூட நான் அவள் அழுது பார்த்ததில்லை. மாமா மூக்கை உறிஞ்சினார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் இறங்கிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியில் கையை வைத்தேன்.

"பெல்ட்டு?" என்றாள் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கண்ணாடி பாத்தியா? கியர் நியூட்ரல்ல இருக்கா? அவசரப்படாதே, எதிர்ல ஆள் வர்றாங்க பாரு."

பதினெட்டு வயதிலிருந்து ஓட்டுகிறேன். ஒருவரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்கவும் மாட்டேன்.

"சரிங்க டீச்சர்," என்றேன்.